முதல் தடவை மாட்டேன் என்று சொன்ன கால்நடை டாக்டர்

திருச்சியில் வீட்டுக்கே வந்து நாய், பூனைகளைப் பார்க்கும், தேற வழியில்லாத பிராணியின் உயிரை வலியின்றி முடிக்கவும் ஊசி போடும் ஒரு கால்நடை மருத்துவரைப் பற்றி எழுதுகிறேன். முப்பத்தைந்து வயது இருக்கும். ஸ்கூட்டரில் வருவார், பின்னால் ஒரு நீல நிறப் பெட்டி கட்டியிருக்கும். பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "காய்ச்சல், தடுப்பூசின்னு கூப்பிடட்டும்மா. இந்த வேலைக்குன்னு என் பேரு பரவ வேண்டாம்" என்றார். அதனால் பெயர் இல்லை. ஆனால் உங்கள் ஊரில் இப்படி ஒருவரைத் தேடும் நிலைமை வந்தால் எதைப் பார்த்துத் தேட வேண்டும் என்று இதைப் படித்தால் தெரியும்.

எங்கள் வெல்லம் நாட்டு நாய். 2011-ல் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் கிடந்த குட்டியை என் மகன் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். மண்டை வெல்லத்தின் நிறம், அதனால் அந்தப் பெயர். பதின்மூன்று வயதில் அதற்குச் சிறுநீரகம் கெட்டுப் போனது. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி வரை கொண்டு போய்ப் பார்த்தோம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் 8.9. நாய்க்கு அது ஏறக்குறைய ஒன்றரைக்குள்தான் இருக்க வேண்டுமாம். வாந்தி, வாயெல்லாம் புண், கிட்டே போனாலே மூத்திர நெடி. மகன் பெங்களூரில் இருக்கிறான். வீட்டுக்காரருக்கு முட்டி வலி. ராத்திரி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து துடைப்பது நான்தான். காலையில் ஒன்பதரைக்கெல்லாம் ஆபீசில் இருக்க வேண்டும்.

கார்த்திகை மாதம் ஒரு நாள், தாங்க முடியாமல் இந்த டாக்டரைக் கூப்பிட்டேன். ஊசி போட்டுவிடச் சொல்லித்தான் கூப்பிட்டேன். வந்தார். அவசரமே படவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெல்லத்தின் ஈறைத் தூக்கிப் பார்த்தார், பிடரித் தோலை இழுத்து விட்டுப் பார்த்தார், எடை போட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க நல்லாத் தூங்கி எத்தனை நாளாச்சும்மா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை, அழுதுவிட்டேன். அவர் காத்திருந்துவிட்டு, "இன்னைக்கு நான் போட மாட்டேன். கஷ்டம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா இன்னைக்குக் கஷ்டம் இதைவிட உங்களுக்குத்தான் அதிகமா இருக்கு. அதுக்கு வேற வழி பார்க்கலாம்" என்றார். வாந்தி நிற்க ஒரு ஊசி போட்டார். தோலுக்கு அடியில் சலைன் ஏற்றுவது எப்படி என்று என் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். வெல்லத்துக்குப் பிடித்த மூன்று விஷயங்களைக் கேட்டார். பால்காரர் சைக்கிள் சத்தத்துக்கு கேட்டுக்கு ஓடுவது, மேரி பிஸ்கட், சாயங்காலம் மொட்டை மாடி. "இதுல ரெண்டு நின்னு போச்சுன்னா கூப்பிடுங்க. தினசரி காலண்டர் தாள்ல நல்ல நாளுக்கு வட்டம், மோசமான நாளுக்குப் பெருக்கல் குறி போட்டு வையுங்க, கிழிச்சுப் போட்டுடாதீங்க."

அந்த வருகைக்கு 600 ரூபாய். என்னைக் கேட்டால் அந்த 600 ரூபாய்க்குத்தான் இந்த விமர்சனம் முழுவதும். ஊசி போடத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். வீடு மாற்றுகிறோம், குழந்தை பிறக்கப் போகிறது, நாய்க்கு வயதாகி நாற்றம் அடிக்கிறது என்றெல்லாம் சொல்லி இவரை அழைப்பவர்கள் உண்டாம். எல்லாருக்கும் இதே பதில்தான், முதலில் வந்து பார்ப்பேன், பார்த்த அன்றைக்கே போட மாட்டேன். நாய் உயிரே போகிற அவஸ்தையில் இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

அதற்கப்புறம் இருபத்துநான்கு நாள் வெல்லம் எங்களோடு இருந்தது. அதில் பதினொரு வட்டம். ஒரு வட்டத்தன்று மாடிப்படியைத் தானாகவே ஏறிப் போய் ராஜகோபுரம் தெரியும் மூலையில் படுத்துக்கொண்டது. கடைசி ஆறு தாளிலும் பெருக்கல் குறிதான். பால்காரர் வந்து மணி அடித்தார், காது மட்டும் லேசாக அசைந்தது. மேரி பிஸ்கட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. கூப்பிட்டேன்.

மார்கழி ஆரம்பித்திருந்தது. சனிக்கிழமை காலை. பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் பதினொன்றரைக்குத்தான் வந்தார். அந்த ஒன்றரை மணி நேரம் கொடுமை, இதை அவரிடமே சொன்னேன். வந்ததும் எங்கள் வாசலில் எப்போதும் படுத்துக் கிடக்கும் பக்கத்து வீட்டு நாயை உள்ளே கட்டச் சொன்னார். ஒரு நாயின் கண் முன்னால் இன்னொரு நாயை முடிக்கக்கூடாது என்று 2001-ல் வந்த தெருநாய்க் கருத்தடை விதிகளிலேயே இருந்ததாம். தெருநாய்க்கு எழுதிய விதி வீட்டு நாய்க்கும் பொருந்த வேண்டாமா என்றார்.

நடக்கப் போவதை வரிசையாகச் சொன்னார். முதலில் தசையில் ஒரு ஊசி, அதில் தூங்கிவிடும். பிறகு நரம்பில் மயக்க மருந்தையே அளவுக்கு மேல் ஏற்றுவேன். மூளை அடங்கும், மூச்சு நிற்கும், இதயம் நிற்கும், இந்த வரிசையில். கண் மூடாது, பயப்படாதீர்கள். நின்ற பிறகும் ஒரு பெருமூச்சு வரலாம், அது வலியால் வருவது இல்லை. சிறுநீர் போகலாம். சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. சொல்லியிருக்காவிட்டால் அந்தப் பெருமூச்சில் நான் செத்திருப்பேன்.

நரம்பு தேட முன்னங்காலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடியை மழித்தார். உள்ளே தோல் சாம்பல் கலந்த ரோஜா நிறம், அதில் ஒரு சின்னக் கருப்பு மச்சம். பதின்மூன்று வருஷம் குளிப்பாட்டியிருக்கிறேன், உண்ணி பிடுங்கியிருக்கிறேன், அந்த மச்சத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதன் மேல் கை வைத்தபடியே இருந்தேன். முடிந்த பிறகு டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முழுசாக இரண்டு நிமிடம் கேட்டார். அப்புறம்தான் "போயிடுச்சும்மா" என்றார்.

அன்று மத்தியானம் எனக்கு வெல்லத்தைவிட அப்பாவின் நினைப்புதான் அதிகம் வந்தது.

அப்பா 2019-ல் போனார். எண்பத்தொன்று வயது, இரண்டாவது பக்கவாதம், மூளைத்தண்டில் ரத்தக்கசிவு. ஒரு தனியார் மருத்துவமனையில் வென்டிலேட்டரில் பத்தொன்பது நாள். முதல் பக்கவாதம் வந்து தேறியபோதே அப்பா என்னிடமும் தம்பியிடமும் சொல்லியிருந்தார், "எனக்குக் குழாயெல்லாம் சொருகி வைக்காதீங்க, வீட்டுத் திண்ணையில விட்டுடுங்க." ஆறாவது நாளே பெரிய டாக்டர் இனி நினைவு திரும்பாது என்று சொல்லிவிட்டார். அப்படியானால் எடுத்துவிடுங்கள் என்று தம்பி கேட்டான். அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்தது.

இடம் இருந்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், தேற வழியில்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் கருவிகளை விலக்கலாம், அதை முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம் என்று தீர்ப்பு சொல்லியிருந்தது. ஆனால் வைத்த நடைமுறை மலையைத் தாண்டுவது மாதிரி. இருபது வருஷ அனுபவம் உள்ள டாக்டர்கள் கொண்ட குழு, கலெக்டர் அமைக்கும் இன்னொரு குழு, அப்புறம் மாஜிஸ்திரேட் நேரில் வந்து பார்க்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்து எந்த மருத்துவமனையும் அதில் கால் வைக்கத் துணியவில்லை. பத்தொன்பதாவது நாள் எங்களிடம் மெதுவாகச் சொன்னது வேறு. "சொந்தப் பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்னு ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

கையெழுத்து போட்டோம். ஆம்புலன்சில் அப்பாவின் வாயில் குழாய், அதில் ஒரு ரப்பர்ப் பை. அதை விடாமல் அமுக்கிக்கொண்டு வந்தது இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன். வீட்டுக் கூடத்தில் இறக்கினோம். அவன் பையை அமுக்கிக்கொண்டே, "எடுத்துடட்டுங்களா?" என்று கேட்டான். யாருமே வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டான். என் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். நாற்பது நிமிடம் அப்பாவுக்கு மேல்மூச்சு வாங்கியது. மூச்சுத் திணறலுக்கு ஒரு மருந்து கிடையாது, இப்படி ஆகும் அப்படி ஆகும் என்று எடுத்துச் சொல்ல ஓர் ஆள் கிடையாது. டாக்டர்கள், சட்டம், நாங்கள் மூன்று பிள்ளைகள், எல்லாருமாகச் சேர்ந்து அந்தப் பாரத்தை அந்தப் பையன் கையில் கொடுத்துவிட்டோம்.

இதைப் படித்ததும் பலர் சொல்லப் போவது எனக்குத் தெரியும். நாய்க்குக் காட்டும் இரக்கத்தைக்கூட மனுஷனுக்குக் காட்ட மாட்டேன் என்கிறோமே, மனுஷருக்கும் அந்த ஊசியை அனுமதித்தால் என்ன? அப்பா போன வாரம் நானும் அப்படித்தான் சொன்னேன். இப்போது சொல்ல மாட்டேன். அதற்கு இரண்டு காரணம்.

ஒன்று, நான் பிறந்தது அருப்புக்கோட்டை பக்கத்துக் கிராமம். விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குத் தலைக்கூத்தல் என்றால் விளக்கவே வேண்டாம். படுத்த படுக்கையான முதியவருக்கு விடிகாலையில் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, இரண்டொரு நாளில் கதையை முடித்துவிடுவது. எனக்குப் பத்து வயதில் எதிர்வீட்டு ஆச்சிக்கு அப்படி நடந்தது. அதை யாரும் கொலை என்று சொல்லவில்லை, "ஆச்சியை வழியனுப்பிட்டாங்க" என்றுதான் சொன்னார்கள். முந்தின நாள் அந்த ஆச்சி என்னிடம் முறுக்கு இருக்கிறதா என்று கேட்டாள். பல்லில்லாத வாயால் ஊறவைத்துத் தின்பாள். முறுக்கு கேட்கிறவளுக்குச் சாக ஆசை வந்திருக்குமா? அவளை யாரும் கேட்கவே இல்லை.

இரண்டாவது, என் வேலை. இருபத்தாறு வருஷமாக ஸ்ரீரங்கத்தில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். சொத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தான செட்டில்மெண்ட் பத்திரம் எழுத முதியவர்களை ஆட்டோவில் தூக்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கி எடுப்பார்கள், அந்த விரலுக்கு எதில் அமுக்குகிறார்கள் என்றுகூடத் தெரிந்திருக்காது. வாசலில் நின்று, "டாக்டர் ஒரு வாரம்தான்னு சொல்லியிருக்கார், சீக்கிரம் டைப் பண்ணுங்க" என்பார்கள். எல்லாப் பிள்ளைகளும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெல்லத்தின் பேரில் பட்டா எதுவும் இல்லை. அது செத்தால் எனக்குக் கிடைக்கப் போவது ராத்திரித் தூக்கம் ஒன்றுதான், அந்த ஒன்றுக்கே நான் ஒரு மாதம் முன்னாலேயே டாக்டரைக் கூப்பிட்டுவிட்டேன். ஐந்து சென்ட் மனையும் மூன்று வாரிசும் இருக்கும் வீட்டில் ஊசி போடும் முடிவைக் குடும்பத்தார் கையில் கொடுத்தால் என்ன ஆகும்?

1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி, பிழைக்க வழியில்லாமல் வலியில் கிடந்தபோது, காந்தி டாக்டரை வரவழைத்து ஊசி போட்டு அதன் வேதனையை முடித்தார். அகிம்சை பேசுகிறவர் கன்றைக் கொல்லலாமா என்று பெரிய எதிர்ப்பு. மனிதனுக்கும் இதைச் செய்வீரா என்ற கேள்விக்கு, நியாயம் இரண்டுக்கும் ஒன்றுதான், எனக்கே என்றாலும் சரி என்று எழுதினார். ஆனால் நடைமுறையில் நம்மவர்களுக்கு அப்படிச் செய்வதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு உதவ நம்மிடம் பெரும்பாலும் வழி இருக்கிறது, தனக்கு என்ன வேண்டும் என்று யோசித்து முடிவு செய்யும் சக்தி அவர்களுக்கே இருக்கிறது என்றும் சொன்னார். நான் இந்த இரண்டாவது பாதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வெல்லத்தால் சொல்ல முடியாது, அதனால் நாம் கூர்ந்து பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது. அப்பாவால் சொல்ல முடிந்தது, சொல்லியும் இருந்தார், யாரும் காதில் வாங்கவில்லை. நாய் விஷயத்திலிருந்து மனிதருக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஊசியை அல்ல, அந்த டாக்டர் கேட்ட கேள்வியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டுக்கு வெளியே இருக்கும் ஒருவர், வலி யாருக்கு, ஆசை யாருடையது என்று கேட்க வேண்டும்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கிலும் கடைசியில் இதே கேள்விதான். 1973-ல் தாக்கப்பட்டு நினைவிழந்தவரை அந்த மருத்துவமனை நர்சுகள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு உணவு செலுத்துவதை நிறுத்தக் கேட்டு ஒரு பத்திரிகையாளர் மனு போட்டார். 2011-ல் உச்ச நீதிமன்றம், அவர் சார்பில் பேசும் உரிமை தினமும் அவரைக் குளிப்பாட்டி விடுகிறவர்களுக்குத்தான் என்று சொல்லி மனுவைத் தள்ளியது. அந்த நர்சுகள் வேண்டாம் என்றார்கள். 2015-ல் நிமோனியாவில் போனார், அதுவரை அவர்கள் விடவில்லை. அது சரியா தவறா என்று தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதியில்லை, ஆனால் கேட்க வேண்டியவர்களைக் கேட்டார்கள்.

2023 ஜனவரியில் நடைமுறையை நீதிமன்றமே இலகுவாக்கிவிட்டது, இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து வருஷ அனுபவம் உள்ள டாக்டர்கள் போதும். மருத்துவமனையிலேயே இரண்டு குழு, முடிந்தவரை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கருத்து. மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தெரிவித்தால் போதும். முன்கூட்டி எழுதி வைப்பதற்கும் இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி கையெழுத்து இருந்தால் சரி. வெல்லம் போன மாதமே நானும் வீட்டுக்காரரும் எழுதிக்கொண்டோம். எத்தனையோ உயில் டைப் செய்திருக்கிறேன், இந்த மாதிரி ஒன்று எங்கள் அலுவலகத்தில் அதுவரை எழுதியதே இல்லை. மகனுக்கு ஒரு நகல் அனுப்பினேன். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் போன் செய்து ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டான்.

சரி, டாக்டரிடம் வருகிறேன். இரண்டாவது வருகைக்கு, மருந்தெல்லாம் சேர்த்து 2,500 ரூபாய். அன்றைக்கே பணத்தை எடுத்து நீட்டியபோது வாங்கவில்லை, பத்து நாள் கழித்து ஜிபே செய்தால் போதும் என்றார். ஒரு வாரம் கழித்து போனில் என்னைக் கூப்பிட்டு எப்படி இருக்கிறேன் என்று விசாரித்தார். குறைகளும் உண்டு. நேரத்துக்கு வருவதில்லை. உடலை எடுத்துப்போகும் வசதி அவரிடம் இல்லை. எங்களுக்குக் கொல்லையில் இடம் இருந்தது, ஃப்ளாட்டில் இருப்பவர்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். குழியை முந்தின நாளே வெட்டி வைத்துவிடுங்கள், மனசு வராது, ஆனால் செய்யுங்கள். மூன்றடி ஆழமாவது வேண்டும் என்று அவர் போனில் சொன்னதை நாங்கள் கேட்காமல், உடலைக் கிடத்திவிட்டு வெயிலில் வெட்ட ஆள் தேடி அலைந்தோம்.

இன்னொரு பெரிய குறை ஒப்புதல் படிவம். முழுக்க ஆங்கிலம். வீட்டுக்காரர் படிக்காமலே கையெழுத்து போட்டார். அப்பாவுக்கு மருத்துவமனையில் நாங்கள் போட்ட கையெழுத்தும் அப்படித்தான், என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதனால் இந்தப் படிவத்தைத் தமிழில் எழுதித் தரட்டுமா என்று டாக்டரைக் கேட்டேன், சந்தோஷமாகச் சரி என்றார். உட்கார்ந்தால் முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. கருணைக்கொலை என்று எழுத வரவில்லை. அந்தச் சொல்லில் கருணை முன்னால் இருந்தாலும் கண்ணில் படுவது கொலைதான். தூங்க வைத்தல் என்று எழுதினால் பொய். பத்திரத்தில் பொய் எழுதக்கூடாது என்று எங்கள் முதலாளி சொல்லிக் கொடுத்திருக்கிறார். கடைசியில் 'தீராத வேதனையில் உள்ள என் பிராணியின் உயிரை வலியின்றி முடிக்க' என்று எழுதினேன். நீளம்தான், ஆனால் எல்லாருக்கும் புரியும்.

கீழே நானாக ஒரு வரி சேர்த்து, எதிரே கோடு போட்டு இடம் விட்டேன். 'கையெழுத்திடுபவர் கடந்த ஒரு வாரத்தில் சராசரியாகத் தூங்கிய நேரம்.' டாக்டர் படிவத்தை வாங்கி நின்றபடியே படித்தார். அந்த வரி வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதை அடிக்கவில்லை. மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு, இருபது நகல் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.